படையல் சோறும் ஐயாயிரம் வெள்ளியும்

சிங்கப்பூரில் காக்கைக்குச் சோறு வைத்தால் அபராதம். 2020 ஜூன் மாதம் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டம், காட்டு உயிர் எதற்கும் வேண்டுமென்றே தீனி போடக்கூடாது என்கிறது. முதல்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரையிலும், அடுத்த முறை 10,000 வெள்ளி வரையிலும் கட்ட நேரலாம். இந்த விஷயத்தில் புக்கிட் தீமா காட்டுக் குரங்கும் ரயில் நிலைய வாசலில் மேயும் புறாவும் சட்டத்துக்கு ஒன்றுதான். காக்கையும் அவற்றோடு சேர்த்தி. திதி கொடுத்த கையோடு சன்னல் விளிம்பில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டு, காக்கை வந்து கொத்தட்டும் என்று காத்திருக்கும் தமிழரை மனத்தில் வைத்து இந்தச் சட்டத்தை யாரும் எழுதவில்லை. அடுக்குமாடிகளுக்கு நடுவே புறாக்களுக்கு நாள்தோறும் பை பையாக ரொட்டியும் அரிசியும் கொட்டுகிறவர்களே அதன் இலக்கு. ஆனால் சட்டத்தின் வாசகத்தில் பிடிக்கும் பைக்கும் வேறுபாடு கிடையாது.

அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு இந்த நகரத்தின் விலங்கு வரலாற்றைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. இன்றைய சிங்கப்பூரில் ஒரு விலங்கு மனிதரோடு இருக்க மூன்று வழிகள் உண்டு. ஒருவரின் உடைமையாக, உரிமத்தோடும் சில்லோடும் இருக்கலாம். பார்வைப் பொருளாக இருக்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் யாரும் தீனி போடாமல், கூடுமானவரை கண்ணில் படாமல் வாழ வேண்டும்; எண்ணிக்கை கூடினால் தொல்லை என்று பெயர் வரும். தமிழர் காக்கைக்கு வைக்கும் சோறு இந்த மூன்றிலும் அடங்காது. காக்கை யாருடைய சொத்தும் இல்லை. அதை யாரும் பழக்குவதில்லை, காப்பாற்றுவதும் இல்லை. சாப்பிடும் முன் அதன் பங்கை எடுத்து வைக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தக் காக்கையும் இங்கே பிழைக்க வந்ததுதான். சாம்பல் கழுத்துள்ள வீட்டுக் காக்கை தென்னாசியப் பறவை. 1890களில் சிலாங்கூரின் கிள்ளான் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து அதைக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி அங்கே நீடிக்கவில்லை, ரப்பர் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. காக்கை நீடித்தது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டக் கூலிகளைக் கப்பலேற்றிய அதே கணக்குதான் இலங்கையிலிருந்து காக்கையையும் கப்பலேற்றியது. மலாய்த் தீபகற்பத்தின் வழியே தெற்கே பரவிய காக்கை 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் பதிவாகிறது. அதற்குள் அதன் பங்கை எடுத்து வைக்கத் தெரிந்த மக்கள் இங்கே பல தலைமுறைகளாகக் குடியிருந்தார்கள்.

ஆனால் அந்த மக்களின் அன்றாடம் காக்கையைச் சுற்றி நடக்கவில்லை, மாட்டைச் சுற்றி நடந்தது. இன்று தேக்கா நிலையத்தை ஒட்டி பஃபலோ ரோடு இருக்கிறது, அதற்கு அடுத்தது கெர்பாவ் ரோடு. ஒன்று ஆங்கிலத்திலும் மற்றது மலாயிலும் எருமையைச் சொல்கின்றன. அந்த வட்டாரத்துக்கே காண்டாங் கெர்பாவ், அதாவது எருமைப் பட்டி என்று பெயர். காவல் நிலையம், சந்தை, மருத்துவமனை எல்லாம் அந்தப் பெயரைத் தாங்கின. பிரசவத்துக்குப் பெயர்போன அந்த மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தார்கள். ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நடந்த பிரசவங்களில் அது உலக சாதனை. சுதந்திர சிங்கப்பூரின் முதல் தலைமுறையில் பெரும்பங்கு எருமைப் பட்டியில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாட்டு வணிகம் இங்கே செழித்ததற்கு நிலமே காரணம். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான சதுப்பு அது. தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லை, எருமை புரளக் குட்டைகளும் இருந்தன. கல்கத்தாவில் வேர்விட்ட யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஐ.ஆர். பெலிலியோஸ் மாட்டு வணிகத்தில் முதன்மையானவர். பெலிலியோஸ் ரோடும் பெலிலியோஸ் லேனும் அவர் பெயரைச் சுமக்கின்றன. கசாப்புத் தொழிலில் பொருள் சேர்த்த யூரேசியரான டெஸ்கரின் பெயர் இன்னொரு தெருவில் இருக்கிறது. வணிகர் ஒரு சமூகம், கசாப்புக்காரர் இன்னொன்று, மாடு மேய்த்தவர்களும் பால் கறந்தவர்களும் வண்டி ஓட்டியவர்களும் பெரும்பாலும் தமிழர்களும் வட இந்தியர்களும். இன்று லிட்டில் இந்தியா என்று சுற்றுலாத் தாள்களில் அச்சாகும் இடத்துக்கு இந்தியர்கள் வந்து சேர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் மாடு. கோயிலும் மளிகைக் கடையும் அந்தக் கூட்டத்தைத் தொடர்ந்து பெருகியவை.

இதைச் சற்று அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. நகரத்தின் அன்றைய எரிசக்தி மாட்டின் தோளில் இருந்தது. சைனாடவுனுக்குத் தண்ணீர் மாட்டு வண்டியில் போனது, அதனால்தான் அந்தப் பகுதிக்குக் கிரெத்தா ஆயர் என்ற பெயரே. துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே சரக்கைக் கொண்டுபோனதும் காளைகள்தான். சாணம் எருவாயிற்று, தோல் பதனிடப் போயிற்று, பால் வீட்டு வாசலுக்கு வந்தது. இதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. காளையை அடித்துத் துன்புறுத்தியதற்காக வண்டிக்காரர்களும், பாலில் தண்ணீர் கலந்ததற்காகப் பால்காரர்களும் நீதிமன்றத்தில் நின்று தண்டம் கட்டினார்கள். கொட்டிலைச் சுற்றி ஈயும் கொசுவும் மொய்த்தன. ஆனால் மாடு என்ன தின்கிறது, எப்போது சினைப்படுகிறது, எப்படிச் சாகிறது என்பது அந்தத் தெருக்காரர் எல்லாருக்கும் தெரியும். அதற்கு யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கப் போகவில்லை.

1930களின் நடுவில் நகராட்சி விதிகள் இந்தப் பகுதியில் மாடு வளர்ப்பதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. காரணம் சுகாதாரம், அது பொய்க் காரணமும் இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில் பாலின் முகவரியும் மாறியது. கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனத்தார் புக்கிட் தீமாவில் வெளிநாட்டுக் கறவை மாடுகளை வைத்துப் பண்ணை நடத்தினார்கள். டெய்ரி ஃபார்ம் ரோடு என்ற பெயர் அதிலிருந்து வந்தது, அந்தப் பண்ணை நிலத்தின் ஒரு பகுதி இப்போது இயற்கைப் பூங்கா. அந்தப் பால் வசதியுள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு டின் பால். மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். சர்க்கரை சேர்த்த டின் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றது என்று விற்பது கொலைக்குச் சமம் என்பது அவர் வாதம். கொட்டில்களை மூடியதுதான் டின் பாலைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டைக் கண்ணில் பார்த்து வாங்கிய பாலில் தண்ணீர் கலந்திருந்தால் பால்காரரோடு சண்டை போடலாம். டின் பாலில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல ஒரு மருத்துவர் தேவைப்பட்டார்.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1980களின் முடிவில் பொங்கோலின் பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டன. இன்று உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி. தேக்கா சந்தையின் ஆட்டிறைச்சிக் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் தமிழர் கூட்டத்தைப் பார்க்கலாம். ஆடு எந்த நாட்டில் மேய்ந்தது என்று கேட்பவர் குறைவு. விலங்கு எங்கே இருக்கிறது என்பது ஏதாவது தடங்கல் வரும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. 1999 மார்ச்சில் மலேசியப் பன்றிகள் வழியாக நிப்பா கிருமி வந்து கசாப்புக்கூடத் தொழிலாளர் 11 பேரைத் தாக்கியது, ஒருவர் இறந்தார். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த கோழியில் 34 விழுக்காடு அங்கிருந்து வந்தது, பெரும்பாலும் உயிரோடு. சில நாள் கோழிச்சோற்றுக் கடைகளைப் பற்றிப் பேசாதவர் இல்லை. பிறகு உறைய வைத்த கோழி வந்தது, பேச்சும் ஓய்ந்தது.

குதிரை மட்டும் நின்று நிதானமாகப் போனது. 1842இல் பந்தய மன்றம் தொடங்கி, மறு ஆண்டு இன்றைய ஃபேரர் பார்க்கில் முதல் பந்தயம் ஓடியது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இப்போது மீன்தலைக் கறி சாப்பிடப் போகிறவர்கள் அந்தத் திடலின் ஓரத்தில்தான் உட்காருகிறார்கள். குதிரைக்காரர்களாகவும் வண்டியோட்டிகளாகவும் பலகாலம் இருந்தவர்கள் பாவியான் தீவிலிருந்து வந்த போயான் மக்கள். ரோச்சோர் ஆற்றோரம் அவர்களுக்கென்று ஒரு கம்பமே, அதாவது கிராமமே இருந்தது. பந்தயத் திடல் 1933இல் புக்கிட் தீமாவுக்கும் நூற்றாண்டின் முடிவில் கிராஞ்சிக்கும் இடம்பெயர்ந்தது. 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயம். 120 ஹெக்டேருக்கு மேற்பட்ட அந்த நிலம் வீடு முதலிய தேவைகளுக்காக அரசிடம் திரும்புகிறது.

விலகிப் போன விலங்குகள் வேறு உருவில் திரும்பி வந்தன. ஜான் பெர்ஜர் விலங்குகளைப் பார்ப்பது பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில், அன்றாட வாழ்விலிருந்து விலங்கு மறையும் காலத்தில்தான் மேற்கில் விலங்குக் காட்சியகம் பெருகியது என்றார். காண்டாங் கெர்பாவ் வட்டாரத்தின் சிராங்கூன் சாலையில் இந்த வாதம் அப்படியே பொருந்தவில்லை, அதுதான் சுவாரசியம். வில்லியம் பாசப்பா என்ற செல்வந்தர் கொட்டில்கள் இருந்த காலத்திலேயே சிராங்கூன் சாலை வீட்டில் விலங்குகளைச் சேர்த்து வைத்திருந்தார். அபே என்ற புலியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடப்பார். 1920களில் பொங்கோல் கடற்கரைக்கு மாறிய அந்தக் காட்சியகம் 1928 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருந்தது. ஜப்பானியப் படை நெருங்கியபோது பிரிட்டிஷ் ராணுவம் இடத்தைக் காலி செய்ய 24 மணி நேரம் கொடுத்தது. ஆபத்தான விலங்குகள் சுடப்பட்டன. பாசப்பா 1943இல் இறந்தார். வேலை செய்த மாடும் வேடிக்கைக்கு வைத்த புலியும் ஒரே சாலையில் சில ஆண்டுகள் சேர்ந்தே இருந்தன. பெர்ஜரின் வாதத்தில் ஒன்று மறைய மறைய மற்றது பெருகும்.

அரசு அமைத்த விலங்குத் தோட்டம் 1973இல் திறந்தது. அதன் முகமாகவே இருந்த ஆ மெங் என்ற சுமத்ரா உராங் ஊத்தானைப் பல்லாண்டு பராமரித்தவர் அழகப்பசாமி செல்லையா என்ற தமிழர். 2008 பிப்ரவரியில் ஆ மெங் இறந்தபோது அஞ்சலிக்கு ஏறத்தாழ 4,000 பேர் வந்தார்கள். எத்தனை தெருக்காரர்களுக்கு அப்படிக் கூட்டம் சேரும் என்று யோசித்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

கிளி ஜோசியம் வேலைக்கும் வேடிக்கைக்கும் நடுவே வருவது. சிராங்கூன் சாலை நடைபாதையில் சீட்டெடுத்த மணி என்ற கிளி 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது உலகச் செய்தியானது. காலிறுதி முடிவுகளைச் சரியாக எடுத்துக் கொடுத்த மணி, இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்தை எடுத்தது. வென்றதோ ஸ்பெயின். ஜெர்மனியின் பால் என்ற ஆக்டோபஸ் சொன்னதுதான் பலித்தது. தமிழ்நாட்டில் இதே இனக் கிளி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூண்டில் வைக்கக்கூடாத பறவை. 2024 ஏப்ரலில் கடலூரில் மக்களவைத் தேர்தல் வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி என்று சீட்டெடுத்த கிளியின் உரிமையாளரை வனத்துறை பிடித்து, பிறகு விட்டது. வேட்பாளர் தோற்றார். கிளியின் தரப்பில் நின்று பார்த்தால் வனத்துறை செய்தது சரி என்பேன்.

மாடும் திரும்பி வந்தது. பொங்கல் வாரத்தில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் லிம் சூ காங் பண்ணையிலிருந்து பசுக்களையும் கன்றுகளையும் கொண்டுவந்து கட்டுவது வழக்கமாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து தொட்டுப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். ஏற்பாடு செய்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகளில் பலர் பசுவின் மூக்கு ஈரமாக இருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் மாட்டுப் பொங்கல் மாட்டுக்கு நன்றி சொல்லும் நாள். உழாத, வண்டி இழுக்காத, நம் வீட்டுக்குப் பால் தராத பசுவுக்கு எதற்கு நன்றி சொல்வது? கேம்பல் லேனில் அது மரபுடைமைப் பொருள். ஒரு காலத்தில் இரண்டு தெரு தள்ளி அதற்குச் சொந்தப் பட்டி இருந்தது.

இனி அந்த ஒரு பிடிக்குத் திரும்புவோம். காக்கையின் எண்ணிக்கை நகரத்தின் குப்பையோடு வளர்ந்தது. 2001இல் அதன் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது என்று நவ்ஜோத் சோதி உள்ளிட்ட ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பல்லாண்டுகளாகச் சிங்கப்பூர் துப்பாக்கி மன்றத்தார் அதிகாரிகளின் அனுமதியோடு பேட்டைகளில் காக்கை சுட்டார்கள். அடுக்குமாடிகள் நெருங்கிய இடத்தில் துப்பாக்கி ஆபத்து என்று 2020இல் அது நின்றது. 2023 பிப்ரவரியில் பீஷானில் காக்கைகள் நடந்து போனவர்களின் தலையில் பாய்ந்து கொத்தின. குஞ்சு கூட்டில் இருக்கும் பருவத்தில் காக்கை செய்வதுதான் அது. தேசியப் பூங்காக் கழகம் கூடுகளை அகற்றியது, பொறி வைத்தது.

காக்கைக்குப் பின்னாலேயே குயிலும் வந்தது. முன்பு பருவத்துக்கு வந்துபோகும் பறவையாக இருந்த குயில், முட்டையிடக் காக்கைக் கூடு தாராளமாகக் கிடைத்ததும் இங்கேயே தங்கிப் பெருகியது. விடிவதற்கு முன்பே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்கள் புகார் செய்கிறார்கள். கழகம் குயிலைக் குறைக்கக் காக்கைக் கூட்டைக் கலைக்கிறது, மரக்கிளையைக் கழிக்கிறது. தமிழில் குயிலின் குரலுக்கு எதிராக மனுப் போட்டவர்கள் இதற்கு முன் உண்டா என்று தெரியவில்லை. காதலரைப் பிரிந்தவர்களைத் தவிர.

இந்த இடத்தில் சட்டத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. தீனி போட்டால் பறவை பெருகும், பெருகினால் பொறி வரும், பிடிபட்ட பறவை கொல்லப்படும். கையால் வைக்கும் சோறு கடைசியில் அந்தப் பறவையையே கொல்கிறது என்று கழகம் சொன்னால் மறுப்பது கடினம். மும்பையில் இதே சிக்கல் வேறு விதமாக வெடித்தது. 2025 ஆகஸ்டில் புறா எச்சத்தால் நுரையீரல் நோய் வருகிறது என்று தாதர் கபுதர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியது, புறாவுக்குத் தானியம் இடுவதை அறமாகக் கொண்டவர்கள் திரண்டு வந்து தார்ப்பாயைக் கிழித்தார்கள். அங்கே பேசியது கூட்டம். இங்கே காக்கைக்குப் பிடி வைக்கிறவர்கள் கூட்டமாக இல்லை. தனித்தனிச் சன்னல்களில் இருக்கிறார்கள். அமாவாசைக்கு ஒரு பிடி, திதிக்கு ஒரு பிடி, கணுப் பொங்கலன்று வாழையிலையில் சில உருண்டைகள். அந்த அளவு சோற்றால் லட்சம் காக்கை வளர்ந்திருக்க முடியாது. வளர்த்தவை மூடாத குப்பைத்தொட்டியும் உணவங்காடி நிலையத்தில் எடுக்காமல் விட்ட தட்டும்.

சட்டம் நினைத்தால் நான்காவது வழி ஒன்றை உண்டாக்கவும் முடியும் என்பதற்குச் சான்று பூனை. வீவக வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2003இல் சார்ஸ் பரவியபோது தெருப்பூனைகள் பிடித்துக் கொல்லப்பட்டன, 1998இல் தொடங்கிய கருத்தடைத் திட்டமும் கைவிடப்பட்டது. 2017இல் சின் மிங்கில் சத்தம் போடுகின்றன என்று வந்த இருபது புகார்களுக்காக 24 கோழிகள் கொல்லப்பட்டபோது எழுந்த கோபம் அதிகாரிகளுக்கும் வியப்பாக இருந்திருக்கும். பூனை விஷயத்தில் அந்தக் கோபம் மெல்ல மெல்லக் கொள்கையாக மாறியது. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனை வரை உரிமத்தோடு வளர்க்கலாம். அதைவிட முக்கியம், புளோக்கின் கீழ்த்தளத்தில் யாருடையதும் இல்லாமல் வாழும் சமூகப் பூனைக்குத் தீனி வைப்பது குற்றமில்லை. மிச்சத்தைச் சுத்தம் செய்தால் போதும். கருத்தடை செய்ததன் அடையாளமாக அதன் காது நுனி வெட்டப்பட்டிருக்கும். உடைமையாகவோ தொல்லையாகவோ காட்சிப் பொருளாகவோ இல்லாத ஒரு விலங்குக்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பங்கு கொடுப்பதை இந்த நகரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளும், விடாமல் கடிதம் எழுதிய ஒரு கூட்டமும் தேவைப்பட்டன.

காக்கைக்கு அப்படிக் கடிதம் எழுத ஆளில்லை. பூனைக்குப் போலக் காக்கைக்கு எளிதில் கருத்தடையும் செய்ய முடியாது. காக்கைக்குப் பங்கு வைக்கிறவர்களே தங்கள் பழக்கத்தை ஒரு விலங்குப் பிரச்சினையாக எண்ணுவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை சன்னலுக்கு வருவது அப்பாவோ பாட்டியோ. சட்டத்திலும் ஒரு சிறு வாசல் இருக்கிறது: வனவிலங்கு மேலாண்மைத் தலைமை இயக்குநரின் எழுத்துவழி ஒப்புதல் இருந்தால் காட்டு உயிருக்குத் தீனி கொடுக்கலாம். இறந்தவரின் பெயர், திதி நாள், சோற்றின் அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு அந்த ஒப்புதலுக்கு விண்ணப்பிக்கும் தமிழ்க் குடும்பம் இருக்கும் என்று நான் நம்பவில்லை. சன்னலைத் திறந்து, சுற்றும் முற்றும் பார்த்து, வைத்துவிட்டு மூடிவிடுவார்கள்.